பதறக் கூடாத கப்பல்

2022 ஆகஸ்ட் 7 அன்று சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்ப்புக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படையின் கப்பல் ஒன்று இந்தியத் தளத்தில் பழுதுபார்க்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதனால் செய்திகள் எல்லாம் இரு நாட்டு உறவைப் பற்றியே பேசின. அந்தக் கப்பல் என்ன வேலை செய்கிறது என்று சொன்னவை குறைவு. படத்தில் பார்த்தால் போர்க்கப்பல் மாதிரியே இருக்காது. பெரிய பீரங்கி கிடையாது. 210 மீட்டர் நீளத் தளத்தின் மேல், கால்பந்து கோல் கம்பங்களை வரிசையாக நட்டு வைத்ததுபோல இரும்புச் சட்டங்கள் நிற்கும். அந்தச் சட்டங்களிலிருந்து கம்பிவடம் கட்டி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கப்பலுக்குக் குண்டு, ஏவுகணை, காய்கறி, உதிரிபாகம் என்று அனுப்புவதுதான் அதன் பிழைப்பு.

இந்த வகைக் கப்பல்களின் மூதாதைகள் வெடிமருந்தை மட்டுமே சுமந்தன. அமெரிக்கக் கடற்படையில் அவற்றுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. குண்டு தானாக வெடிப்பது அபூர்வம். அதைத் தூக்குகிற கையை யாராவது அவசரப்படுத்தும்போதுதான் பெரும்பாலும் விபரீதம் நடக்கிறது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் ஊரில் சொல்வோம். அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து பார்த்தவர்கள் இந்தக் கப்பல்களின் மாலுமிகள்.

முதலில், இப்படி ஒரு கப்பல் எதற்கு என்று பார்த்துவிடலாம். போர்க்கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் வெடிமருந்து அறை சிறியது. ‘நியூ ஜெர்சி’ என்ற போர்க்கப்பல் 1968 செப்டம்பர் முதல் 1969 மார்ச் வரை வியட்நாம் கரையோரம் நின்று சுட்டது. அதன் பெரிய பீரங்கிகள் 16 அங்குல வாய் கொண்டவை. ஒரு குண்டின் எடை, வகையைப் பொறுத்து, 860 கிலோவிலிருந்து 1,225 கிலோ வரை இருக்கும். அந்த ஆறு மாதத்தில் அது சுட்ட 16 அங்குலக் குண்டுகள் 5,688. ஆனால் ஒரு நேரத்தில் அதற்குள் வைக்க முடிந்தது சுமார் 1,200 தான். மீதியை யாரோ கடலுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குண்டோடும் அதை உந்தித் தள்ளும் மருந்துப் பைகளும் வந்திருக்கின்றன. சுட்டவர்களின் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. கொண்டுவந்து கொடுத்தவர்களின் படங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கப்பல்களுக்குப் பெயர் வைத்த விதமே அவற்றின் குணத்தைச் சொல்லிவிடும். முதல் இரண்டின் பெயர்கள் ‘பைரோ’, ‘நைட்ரோ’. இரண்டும் தீயையும் வெடிமருந்தையும் நினைவூட்டும் சொற்கள். அதற்கப்புறம் வந்தவற்றுக்கு எரிமலைகளின் பெயர்கள்: லாசன், ஷாஸ்டா, மௌனா லோவா, வெசுவியஸ், கிலாவேயா, மவுண்ட் ஹுட். உள்ளே இருப்பது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ.

ஏற்றுவதே பாதி வேலை

வெடிமருந்துக் கப்பலின் நாள் கடலில் தொடங்குவதில்லை, ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக, கடலுக்குள் நீளும் ஒரு கப்பல் பாலத்தில் தொடங்குகிறது. நியூ ஜெர்சி மாநிலத்தில் ஏர்ல் என்ற கடற்படை ஆயுதக் கிடங்கு இருக்கிறது. 1943 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதன் கப்பல் பாலம் சாண்டி ஹூக் விரிகுடாவுக்குள் ஏறத்தாழ 4.7 கிலோமீட்டர் தூரம் நீண்டு போகிறது. கடலுக்குள் அவ்வளவு தூரம் பாலம் போட்டதற்குக் காரணம் எளிது. வெடித்தால் ஊர் தப்ப வேண்டும். குண்டுகள் ரயிலில் வந்து, பாலத்தின் மேலேயே கப்பல் வரைக்கும் போகும். மற்றத் துறைமுகங்களிலும் இதே கதைதான். வெடிமருந்துக் கப்பலுக்கென்று நங்கூரமிடும் இடம் தனியாக, தூரமாக ஒதுக்கப்படும். கரைக்குப் போய் ஒரு காபி குடித்து வரலாம் என்று நினைக்கும் மாலுமி, மற்றக் கப்பல்காரர்களைவிட நெடுநேரம் படகில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கிவைப்பு அவர்கள் வாழ்க்கையின் ஒரு பகுதி.

ஏற்றுவதில் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று மோதும். ஒன்று பாதுகாப்பு. குண்டு ஓர் அறையில், அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸும் டெட்டனேட்டரும் வேறு அறையில். சேரக் கூடாத வகைகள் சேரவே கூடாது. இரண்டாவது கணக்கு, யாருக்கு எது எப்போது தேவைப்படும் என்பது. விமானந்தாங்கிக் கப்பல் 227 கிலோ, 454 கிலோ குண்டுகளைக் கேட்கும். நாசகாரிக் கப்பல் 5 அங்குல எறிகணைகளைக் கேட்கும். இன்னொன்று ஏவுகணை கேட்கும். முதலில் தேவைப்படுவது அடியில் மாட்டிக்கொண்டால், நடுக்கடலில், இருட்டில், ஆடுகிற அறைக்குள் மேலே இருக்கும் அத்தனை டன்னையும் நகர்த்தியாக வேண்டும். அதனால் ஏற்றும் திட்டம் போடுகிறவர் கப்பலின் எடைச் சமநிலை, சேர்மான விதிகள், வாடிக்கையாளரின் பட்டியல் மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடுக்குக்கும் இடம் குறிக்க வேண்டும்.

அடுக்கிய பிறகு கட்ட வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே மரச்சட்டம் செருகி, ஆப்பு அடித்து, எதுவும் ஒரு விரல்கடை கூட அசையாதபடி இறுக்கி வைப்பார்கள். பழைய கப்பல்களில் இதற்கென்றே தச்சர்கள் நாட்கணக்கில் உள்ளே வேலை செய்தார்கள். அப்புறம் தினசரி வேலை. ஒவ்வோர் அறையின் வெப்பத்தையும் ஒவ்வொரு நாளும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சுமார் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் எச்சரிக்கை மணி. தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். பயணம் முழுக்க இந்த அறைகளில் எதுவுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒரு வருஷம் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த வருஷம் நன்றாக வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

குண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் கப்பலின் உச்சியில் சிவப்புக் கொடி பறக்கும். கடற்படையினர் அதை ‘பிராவோ’ என்பார்கள். இரவானால் சிவப்பு விளக்கு. ஒலிபெருக்கியில் ‘புகை விளக்கு அணைந்தது’ என்ற பொருளில் அறிவிப்பு வரும். பாய்மரக் காலத்தில் மாலுமிகள் சுருட்டுப் பற்றவைக்க ஒரு விளக்கு எரியும், ஆபத்தான நேரத்தில் அதை அணைத்துவிடுவார்கள். விளக்கு போய்விட்டது, வாக்கியம் மட்டும் இன்னும் இருக்கிறது. சில வகை வெடிபொருள்கள் வானொலி அலைகளாலேயே தூண்டப்படலாம் என்பதால் அந்த நேரங்களில் சில வானொலிக் கருவிகளும் வாய் மூடிவிடும்.

1944

இந்த விதிகள் எல்லாம் சும்மா வந்தவையல்ல. ஒரே ஆண்டில் உலகம் கொடுத்த விலை அவற்றில் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருளும், பஞ்சுப் பொதிகளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பிடித்த தீ வெடிபொருளைத் தொட்டது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். துறைமுகமும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் நாசமாயின. இரண்டாம் உலகப் போரில் இந்திய மண்ணில் நடந்த மிகப் பெரிய விபத்துகளில் ஒன்று. எதை எதோடு ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் கிடையாது.

அடுத்தது போர்ட் சிகாகோ. பெயரைப் பார்த்துச் சிகாகோ நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே இருந்த கடற்படை வெடிமருந்துத் துறை. பசிபிக் போருக்கான குண்டுகள் அங்கிருந்துதான் கப்பலேறின. மூட்டை தூக்குவதுபோல அவற்றைத் தூக்கியவர்கள் கறுப்பின மாலுமிகள். அவர்களுக்கு மேல் இருந்த அதிகாரிகள் வெள்ளையர்கள். குண்டைக் கையாளும் முறையான பயிற்சி தொழிலாளர்களுக்கும் இல்லை, அதிகாரிகளில் பலருக்கும் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு சரக்கறை வாய்க்கு 10 டன் என்று இலக்கு வைத்தார்கள். எந்தப் பிரிவு எவ்வளவு ஏற்றியது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். இளம் அதிகாரிகள் தங்கள் பிரிவின் மேல் பந்தயம் கட்டினார்கள்.

1944 ஜூலை 17, இரவு 10:18. ‘இ. ஏ. பிரையன்’ என்ற கப்பலில் சுமார் 4,600 டன் வெடிமருந்து ஏறியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ‘குவினால்ட் விக்டரி’ ஏற்றத் தயாராக நின்றது. வெடித்தது. இரண்டு கப்பல்களும், பாலமும், பாலத்தில் நின்ற ரயில் பெட்டிகளும் இல்லாமல் போயின. 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பின மாலுமிகள். 390 பேர் காயமடைந்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாத பகுதி. வெள்ளை அதிகாரிகளுக்கு அதிர்ச்சியிலிருந்து மீள 30 நாள் விடுப்பு கிடைத்தது. சக மாலுமிகளின் உடல் துண்டுகளைப் பொறுக்கிய கறுப்பின மாலுமிகளுக்கு அந்த விடுப்பு கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, பக்கத்தில் உள்ள மேர் ஐலண்டில், அதே வேலையை அதே மாதிரி செய்யச் சொன்னார்கள். 258 பேர் மறுத்தார்கள். மற்ற எந்த வேலையையும் செய்கிறோம், இதை மட்டும் இந்த நிலையில் செய்ய மாட்டோம் என்பதே அவர்கள் நிலை. 50 பேர் மேல் கலகக் குற்றம் சுமத்தி 8 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அந்த விசாரணையை நேரில் உட்கார்ந்து பார்த்து, வெளியே குரல் கொடுத்தார். போர் முடிந்து 1946 தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டாலும் குற்றம் பதிவில் இருந்தது. 2024 ஜூலை 17 அன்று, சரியாக 80 ஆண்டு கழித்து, கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ அந்த 50 பேர் உட்பட எல்லோர் மீதுமிருந்த தீர்ப்பை நீக்கினார். அதற்குள் அவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையின் அமைப்பு தெரிந்ததுதான். மருந்தைக் கையால் தொடுகிறவருக்கு வேகத்தைக் குறைக்கும் அதிகாரம் இருக்காது. வேகத்தைக் கூட்டச் சொல்கிறவர் மருந்துக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்.

போர்ட் சிகாகோ நடந்து நான்கே மாதத்தில் மூன்றாவது விபத்து. இன்றைய பாப்புவா நியூ கினியில் உள்ள மானுஸ் தீவின் சீயட்லர் துறைமுகம். அங்கே ‘மவுண்ட் ஹுட்’ என்ற வெடிமருந்துக் கப்பல் நின்றது. அது சேவைக்கு வந்தே நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நவம்பர் 10 காலை, ஓர் இளம் அதிகாரி 17 மாலுமிகளோடு படகில் ஏறி, சில வேலைகளுக்காகக் கரைக்குப் போனார். 8:55 மணிக்கு, சுமார் 3,800 டன் வெடிமருந்தோடு கப்பல் வெடித்தது. கரைக்குப் போன அந்த 18 பேரும் படகைத் திருப்பிக்கொண்டு வந்தபோது கப்பல் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை. கடலடியில் 300 மீட்டர் நீளப் பள்ளம் மட்டும் விழுந்திருந்தது. கண்டெடுத்த மிகப் பெரிய துண்டு 40 சென்டிமீட்டர் நீளம்தான் இருந்தது. கப்பலில் இருந்த எல்லோரும் போனார்கள். சுமார் 320 மீட்டர் தள்ளி நின்ற ‘மிண்டனாவோ’ என்ற பழுதுபார்க்கும் கப்பலில் மட்டும் 82 பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழுவால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பார்த்துச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை. ஆனால் அதன் அறிக்கை அடுக்கிய குறைகள் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையில் அடங்கும்: அவசரம். குண்டுகளை முரட்டுத்தனமாகக் கையாண்டார்கள், பயிற்சி போதவில்லை, ஃபியூஸ்களையும் டெட்டனேட்டர்களையும் வைக்க வேண்டிய விதத்தில் வைக்கவில்லை, தூரத்தில் நிற்க வேண்டிய கப்பலைத் துறைமுகத்தின் நடுவில் நிறுத்தினார்கள். தூரத்தில் நிறுத்தினால் படகுகள் வந்துபோக நேரமாகும். போர்க்காலத்தில் நேரம்தான் யாரிடமும் இல்லை. அந்தப் பெயரைக் கடற்படை கைவிடவில்லை. 1971-இல் சேவைக்கு வந்த இன்னொரு வெடிமருந்துக் கப்பலுக்கு அதே ‘மவுண்ட் ஹுட்’ என்று பெயர் வைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால் எதிரி தாக்கியும் வெடிக்காத கப்பல் உண்டு. 1945 ஜனவரியில் பசிபிக் கடலின் உலித்தி தீவுத் துறைமுகத்தில் ‘மசாமா’ என்ற வெடிமருந்துக் கப்பலுக்கு அருகே ஜப்பானியரின் சிறு நீர்மூழ்கி ஆயுதம் ஒன்று வெடித்தது. சரக்கறையில் தண்ணீர் புகுந்தது. சரக்கு வெடிக்கவில்லை. கப்பல் பிழைத்தது.

ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலுக்கு

1945 பிப்ரவரி வரை குண்டு தீர்ந்த போர்க்கப்பல் ஏதாவது ஒரு துறைமுகத்துக்குத் திரும்பித்தான் நிரப்பிக்கொண்டது. எண்ணெயைக் கடலிலேயே ஊற்றிக்கொள்ளப் பழகியிருந்தார்கள், குழாய் போட்டால் போதும். குண்டு அப்படியல்ல, ஊஞ்சலாடும். ஜப்பானின் இவோ ஜிமா தீவுச் சண்டையின்போதுதான் ‘ஷாஸ்டா’ போன்ற கப்பல்கள் நடுக்கடலில், ஓடிக்கொண்டே, குண்டுகளைக் கைமாற்றத் தொடங்கின. போர்க்கப்பல் களத்தை விட்டு நாட்கணக்கில் விலகிப் போக வேண்டிய அவசியம் இதனால் குறைந்தது. கடற்படையினர் இதைச் சுருக்கமாக ‘அன்ரெப்’ என்பார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? கொடுக்கிற கப்பல் நேர்கோட்டில், ஒரே வேகத்தில், பெரும்பாலும் 12 முதல் 16 நாட் வரை (மணிக்குச் சுமார் 22 முதல் 30 கிலோமீட்டர்), ஓடிக்கொண்டிருக்கும். வாங்குகிற கப்பல் பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சேர்ந்துகொள்ளும். நடுவில் இடைவெளி 40 முதல் 60 மீட்டர். இரண்டு பக்கமும் பல்லாயிரம் டன் இரும்பு. முதலில் துப்பாக்கியால் ஒரு மெல்லிய கயிற்றைச் சுடுவார்கள். அதன் முனையில் கொஞ்சம் தடித்த கயிறு, அதன் முனையில் இன்னும் தடித்தது, கடைசியில் கம்பிவடம். ஒரு கயிற்றில் சின்னச் சின்னக் கொடிகள் குறிப்பிட்ட இடைவெளியில் கட்டியிருக்கும். மேல்தளத்தில் நிற்கும் மாலுமி அதைப் பார்த்து இடைவெளியைக் கத்திச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சுக்கான் பிடிக்கிறவருக்கு இதுதான் மிகக் கடினமான நேரம். அருகருகே ஓடும் இரண்டு கப்பல்களின் நடுவே தண்ணீர் நெருக்கப்பட்டு வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும். கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கப் பார்க்கும். முன்பகுதியிலும் பின்பகுதியிலும் எதிர்மாறாகத் தள்ளும். அரை டிகிரி, ஒரு டிகிரி என்று சுக்கானைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இது மணிக்கணக்கில் நீளும். அவசரமாகப் பிரிய நேர்ந்தால் என்பதற்காக ஒவ்வோர் இடத்திலும் கோடாரியும் கம்பி வெட்டும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கம்பிவடத்தில் குண்டுகளை அடுக்கிய பேலட் என்ற பலகைத்தட்டு தொங்கிக்கொண்டு போகும்போது இரண்டு கப்பல்களும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் வடம் அறுந்துவிடும். ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தால் வடம் தொய்ந்து குண்டு கடலைத் தொடும். பழைய நாளில் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரத்தை இயக்குபவர்கள் கண்ணால் பார்த்துப் பார்த்து விட்டுப் பிடித்தார்கள். அந்தக் கைத்திறன் வர வருஷங்கள் ஆகும். பிறகு நீரழுத்த உந்துதண்டு ஒன்றை நடுவில் வைத்தார்கள். கப்பல் எப்படி ஆடினாலும் அது வடத்தின் இழுவிசையை ஒரே அளவில் வைத்திருக்கும். வாங்குகிற கப்பலில் மேலும் கீழும் நகரும் ஒரு பிடிப்பு இருக்கும். அது குண்டைத் தளத்தின் மேல் பூப்போல இறக்கி வைக்கும். இந்தக் கப்பல்களின் வரலாற்றில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். மனிதனின் பதற்றத்தை ஓர் இயந்திரம் தன் தோளில் வாங்கிக்கொண்டது.

1960-களிலிருந்து ஹெலிகாப்டரும் சேர்ந்துகொண்டது. வலையில் கட்டிய பேலட்டைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கப்பலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பறந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் ஒட்டி ஓட வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் கீழே நிற்பவரின் தலைக்கு மேல் காற்று சுழன்றடிக்கும் நேரத்தில், தொங்கும் கொக்கியை அவர் கையால்தான் மாட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்து கடைசிக் கயிறும் விடுபட்டதும், வாங்கிய கப்பல் ஒலிபெருக்கியில் தனக்கென்று வைத்திருக்கும் பாட்டை முழங்கவிட்டு வேகமெடுத்துப் போகும். கொடுத்த கப்பலுக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். காலிப் பித்தளை உறைகளையும் காலிப் பேலட்டுகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு, மீதியைக் கணக்குப் பார்த்து, தீர்ந்ததும் துறைக்குப் போய் மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வியட்நாம் போரில் பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவுக்கும் டோங்கின் வளைகுடாவுக்கும் நடுவே இப்படித்தான் ஓடிக்கொண்டே இருந்தார்கள். விமானந்தாங்கிகள் பகலில் குண்டு போட்டுவிட்டு இரவில் நிரப்பிக்கொள்ளும். அதனால் இவர்களுக்கு இரவுதான் பகல்.

அந்தப் போரில்தான் அவசரம் வேறொரு உருவத்தில் வந்தது. 1967 ஜூலை 28 அன்று ‘டயமண்ட் ஹெட்’ என்ற வெடிமருந்துக் கப்பல் ‘ஃபாரஸ்டல்’ என்ற விமானந்தாங்கிக்கு 454 கிலோ குண்டுகளைக் கொடுத்தது. புதிய குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. வந்தவை பல வருஷம் கிடங்கில் கிடந்த பழைய குண்டுகள், துருப்பிடித்தவை, வெப்பத்தைத் தாங்காத பழைய கலவை நிரப்பியவை. விமானந்தாங்கியில் இருந்த ஆயுதப் பிரிவினர் பார்த்ததுமே வேண்டாம் என்றார்கள். ஆனால் மறுநாள் தாக்குதலுக்குக் குண்டு வேண்டும், வேறு கிடைக்காது. மறுநாள் காலை தளத்தில் ஒரு ராக்கெட் தவறுதலாகச் சீறிப்போய் நின்றிருந்த விமானம் ஒன்றின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. தீ பிடித்தது. தீயில் குண்டு வெடிக்க அவ்வளவு சீக்கிரம் ஆகாது என்று நம்பித் தீயணைப்புக் குழுவினர் பக்கத்தில் போனார்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில் முதல் பழைய குண்டு வெடித்தது. மொத்தம் 134 பேர் இறந்தார்கள். குண்டுகள் தீயில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை பிடிவாதமாக ஆராயத் தொடங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

இவர்கள் எல்லோரும் மனமொப்பித்தான் இந்த வேலையைச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1972 ஏப்ரலில் நான் முன்பு சொன்ன அதே ஏர்ல் பாலத்திலிருந்து ‘நைட்ரோ’ என்ற வெடிமருந்துக் கப்பல் (முதலில் சொன்னதல்ல, அதே பெயரில் பின்னால் வந்தது) வியட்நாமுக்குக் கிளம்பியது. போர் எதிர்ப்பாளர்கள் சின்னச் சின்னத் துடுப்புப் படகுகளில் வந்து வழியை மறித்தார்கள். அப்போது கப்பலின் மாலுமிகளே ஏழு பேர் கடலில் குதித்துவிட்டார்கள். அவர்கள் எந்தச் சரக்கின் மேல் தினமும் தூங்கி எழுந்தார்கள் என்பதை நினைத்தால் அந்தக் குதிப்பு எனக்குப் புரிகிறது. குண்டு யாருக்குப் போகிறது என்பதை அதைச் சுமக்கிறவர் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் கப்பலும் மாறியது, ஆளும் மாறினார்கள். 1964-இல் வந்த ‘சாக்ரமெண்டோ’ எண்ணெய், குண்டு, உணவு மூன்றையும் ஒரே இடத்தில் கொடுப்பதற்கென்றே அமெரிக்கக் கடற்படை கட்டிய முதல் கப்பல். கட்டி முடிக்காமல் விட்ட ‘கென்டக்கி’ என்ற போர்க்கப்பலுக்காகச் செய்த இயந்திரங்களைத்தான் அதிலும் அதன் தங்கைக் கப்பலிலும் பொருத்தினார்கள். 1968-இல் வந்த ‘கிலாவேயா’ வகைக் கப்பல்களில் முதலில் 350-க்கும் மேற்பட்ட கடற்படை மாலுமிகள் வேலை செய்தார்கள். 1980-இலிருந்து இவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகச் சீருடை அணியாத வணிகக் கப்பல் மாலுமிகளின் கைக்கு மாறின. ஆள் எண்ணிக்கை 125 அளவுக்குக் குறைந்தது. ‘கிலாவேயா’வை 2012-இல் ஹவாய்க்கு அருகே பயிற்சி இலக்காக வைத்து ஓர் ஆஸ்திரேலிய நீர்மூழ்கி டார்ப்பிடோவால் மூழ்கடித்தது.

அதன் இடத்தில் வந்த 14 கப்பல்களில் ஒன்றுதான் காட்டுப்பள்ளிக்கு வந்தது. இப்போது எரிமலைப் பெயர்கள் இல்லை. ‘சார்லஸ் ட்ரூ’ இரத்த வங்கிகளை உருவாக்கியதில் முன்னோடியான கறுப்பின மருத்துவர். படைவீரர்களுக்குக் கொடுக்கும் இரத்தத்தைக் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைத்ததை வெளிப்படையாக எதிர்த்தவர். ‘மெட்கர் எவர்ஸ்’ குடிமை உரிமைப் போராளி. ‘சீசர் சாவேஸ்’ விவசாயத் தொழிலாளர் தலைவர். போர்ட் சிகாகோவை மனத்தில் வைத்துப் பார்த்தால், குண்டு சுமக்கும் கப்பல்களுக்கு இந்தப் பெயர்கள் வந்ததைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு முடியவில்லை. நம் கடற்படைக்கும் இப்படி எரிபொருள், குண்டு, உணவு எல்லாம் சுமக்கும் ஐந்து பெரிய துணைக்கப்பல்களைக் கட்ட 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் தளத்தோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. மதிப்பு சுமார் 19,000 கோடி ரூபாய்.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி. இன்றைய போர்க்கப்பல்களின் முக்கிய ஆயுதம் தளத்துக்குள் செங்குத்தாகப் புதைத்த குழாய்களில் இருக்கும் ஏவுகணை. அது தீர்ந்தால் கடலில் நிரப்ப முடிவதில்லை, துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். 1980-களில் இதற்கென ஒரு சிறிய கிரேனைக் குழாய்களுக்கு நடுவிலேயே வைத்தார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று குழாய்களின் இடம் அதற்குப் போனது. 64 இருக்க வேண்டிய இடத்தில் 61. ஆனால் ஆடும் கப்பலில், ஏவுகணை வைத்த, பல மீட்டர் உயரமுள்ள உறையை நிமிர்த்தி, இடித்துவிடாமல் துளைக்குள் இறக்குவது அந்தக் கிரேனால் முடியவில்லை. அதைக் கைவிட்டார்கள். செங்கடலில் 2023-இலிருந்து ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறக்கத் தொடங்கிய பிறகு இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

2024 அக்டோபர் 11 அன்று சான் டியேகோவுக்கு வெளியே, கடலில், ‘வாஷிங்டன் சேம்பர்ஸ்’ என்ற துணைக்கப்பல் ‘சோசின்’ என்ற போர்க்கப்பலுக்கு ஒரு உறையை வடத்தில் அனுப்பியது. ‘வாஷிங்டன் சேம்பர்ஸ்’, ‘சார்லஸ் ட்ரூ’வின் அதே வகைக் கப்பல். புதிதாகச் செய்த தண்டவாளமும் கிரேனும் கொண்ட கருவி அந்த உறையைத் தளத்தின் மேல் நகர்த்தி, நிமிர்த்தி, குழாய்க்குள் மெல்ல இறக்கியது. உறைக்குள் ஏவுகணை இல்லை. முதல் தடவைக்கு அது காலியாகவே அனுப்பப்பட்டது.